உன் மாத்திரையை நான் விழுங்கினேன்

ஜூன் 9

என் பிரியமான கிலுகிலுப்பைக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் நலமா? நீ வேறு ஊருக்குப் போன பிறகு, மூன்றாம் பெஞ்சில் உன் இடத்தில் என் பையை வைத்திருக்கிறேன். யாராவது உட்கார வந்தால், "ஆள் இருக்கு" என்கிறேன். பை காதுக்குள் கிசுகிசுப்பதில்லை. கணக்குப் பாடம் நன்றாகப் புரிகிறது. அதுதான் பிடிக்கவில்லை.

இன்று லேப் அக்கா வந்திருந்தார். போன வருடம் நம் வகுப்பில் மலம் கொண்டுவர டப்பா கொடுத்து, தடுப்பூசி போட்டு, ஒரு மாதம் கழித்து ரத்தம் எடுத்தாரே, அவர்தான். வயிற்றில் பூச்சி இருப்பவர்களுக்கு ஊசி போட்டாலும் ரத்தத்தில் நோயைத் தடுக்கும் எதிர்ப்பொருள் குறைவாகத்தான் உருவாகிறதா என்று பார்க்கிறார்களாம். நம் பள்ளியில் பெரும்பாலும் அப்படித்தான் தெரிகிறதாம். என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"நாற்பத்தேழு நீதானே? வயித்துல அவ்வளவு பூச்சி, ஆனா ஊசி இவ்வளவு நல்லா வேலை செஞ்சிருக்கு! உன்னைப் பத்தித் தனியா ஒரு பக்கமே எழுதப் போறோம்."

பெருமையாகச் சிரித்தேன்டி. பிறகுதான் தாளில் அடுத்த வரி கண்ணில் பட்டது. நாற்பத்தெட்டு: பூச்சி இல்லை, எதிர்ப்பொருள் மிகக் குறைவு. அது நீ.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று நம் டப்பாக்களின் எண் ஸ்டிக்கரை மாற்றி ஒட்டினோமே, நினைவிருக்கிறதா? ஐந்தாம் வகுப்பில் உன் வாந்தியில் புழு வந்ததிலிருந்து உனக்குப் 'பூச்சி டப்பா' என்று பேர். மறுபடி அந்தப் பேர் வந்தால் பள்ளிக்கே வரமாட்டேன் என்று அழுதாய். "என் பேர்ல வரட்டும்டி. ஏற்கெனவே அகராதின்னு கூப்பிடறாங்க, இதுவும் இருந்துட்டுப் போகட்டும்" என்றேன்.

டப்பாவை மாற்றினோம். ரத்தத்தை மாற்ற முடியவில்லை. கடைசியில் பூச்சி மாத்திரையை எனக்குக் கொடுத்தார்கள். நானும் சமர்த்தாக விழுங்கினேன். அது உன்னுடையது.

பூச்சி இன்னும் உனக்குள் இருக்கும். நோய் வந்தால் அந்த ஊசி உன்னைக் காப்பாற்றுமா என்றும் தெரியாது. அக்காவிடம் சொல்லட்டுமா? "சரி" என்று ஒரு வார்த்தை எழுது.

உன் அகராதி

ஜூன் 21

அகராதிக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். அம்மா கையில் கிடைத்தால் என்ன ஆவது?

சொல்லக் கூடாது. தொட்டியைத் தொட்டுச் சத்தியம் செய்திருக்கிறாய். இங்கே யாருக்கும் என் பழைய பேர் தெரியாது. பாட்டு வகுப்பில் முன்வரிசையில் நிற்கிறேன். அதைக் கெடுத்துவிடாதே.

எனக்கு ஒன்றும் இல்லை. மத்தியான வகுப்பில் தூக்கம் வருகிறது, அவ்வளவுதான். "எந்நேரமும் என்னடி சோம்பல்?" என்று அம்மா திட்டுகிறாள். உன் பெஞ்சும் உன் வியாக்கியானமும் இல்லாமல் எனக்கும்தான் பொழுது போகவில்லை. ஆனால் சொல்லாதே.

கிலுகிலுப்பை

ஜூலை 2

என் கிலுகிலுப்பைக்கு,

சொல்லிவிட்டேன்.

தூக்கம் வருகிறது என்று எழுதியிருந்தாயே, அந்த வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. பள்ளி விட்டதும் அக்காவின் லேபுக்கு நடந்தே போனேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"நல்லது பண்றதா நெனச்சு அவ மாத்திரையை நீ முழுங்கிட்டு வந்திருக்கியே!" என்றார். அங்கேயே அழுதுவிட்டேன்.

பிறகு ஸ்கேலை வைத்து நாற்பத்தேழையும் நாற்பத்தெட்டையும் ஒரே கோடாக அடித்தார். இனி நாம் அந்த ஆராய்ச்சியில் இல்லை. என் தனிப் பக்கமும் போயிற்று. அது போகட்டும். உன் பள்ளிக்குத் தெரியாமல் நேராக உன் வீட்டுக்கே வருவதாக அக்கா சொல்லியிருக்கிறார்.

சத்தியத்தை மீறியது நான்தான். வேண்டிய மட்டும் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அகராதி

ஆகஸ்ட் 16

கிலுகிலுப்பை,

ஆறு வாரமாகத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "உனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று அவரே தெருமுனையில் கையை விரித்துக் காட்டிவிடுகிறார்.

உன் இடத்தில் இன்னும் பைதான் இருக்கிறது.

அகராதி

அக்டோபர் 30

அகராதிக்கு,

உன்மேல் இன்னும் கோபம்தான். ஆனால் முன்னைப் போல் இல்லை.

அக்கா வந்தார். "டப்பாவுல உன் பேரை நீயே எழுது" என்றார். முழுப் பேரையும் எழுதினேன். மாத்திரை சாப்பிட்டேன். கொஞ்ச நாள் கழித்து மறுபடி ஊசி, அப்புறம் ரத்தம். என்ன வந்திருக்கிறது என்று இதோடு வைத்திருக்கும் சீட்டைப் பார். எதிர்ப்பொருள் உன்னுடையதைவிட இரண்டு அதிகமாம்! பெருமையடித்துக்கொள்ள உன்னைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்?

இப்போது மத்தியானத்தில் தூக்கம் வருவதில்லை. அம்மா திட்டுவதற்கு வேறு காரணம் தேடிக்கொண்டிருக்கிறாள்.

அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் அங்கே வருகிறேன். அதுவரை பையை எடுத்துவிடாதே. ஆள் இருக்கு.

கிலுகிலுப்பை