காலில் ஊற்றிய மழை

பிலவங்க வருஷம், சித்திரை 1, சனிக்கிழமை இரவு.

சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் தினமும் மழையை அளந்து புத்தகத்தில் எழுதுவது என் வேலை. மதியம் கொட்டித் தீர்த்த மழையில் சிராங்கூன் ரோட்டு மாடுகள் முழங்காலளவு தண்ணீரில் நின்றன. அளப்பதற்காக மழைக் குடுவையை எடுத்து வந்தேன். கோயிலுக்குப் போய்த் திரும்பிய பெரிய கிராணி, எங்கள் தலைமை குமாஸ்தா, சேற்றுக் காலோடு வாசலில் நின்றார்.

"அந்தத் தண்ணிய ஊத்துய்யா, கால் கழுவிக்கிறேன்."

"இன்னும் அளக்கலைங்க."

"மழை இல்லேன்னு காலையிலேயே புத்தகத்துல எழுதிட்டுத்தான் கோயிலுக்குப் போனேன். வருஷப் பிறப்பும் அதுவுமா எவன் வந்து பார்க்கப் போறான்?"

ஊற்றினேன். குனிந்து ஊற்றினேன், சீ! அவர் எழுதியதன் கீழே கையெழுத்தும் போட்டேன்.

நூறு வருஷம் கழித்து அந்தப் புத்தகத்தைப் புரட்டுகிறவன் இன்று ஒரு சொட்டும் விழவில்லை என்றே நம்புவான். நனைந்த என் வேட்டி கொடியில் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது.