ஊர்வலத்தில் அழைத்த பெயர்

அன்பு மகளே,

போனில் பேசினால் வழக்கம்போல் ஏதாவது கேலி பேசித் தப்பித்துக்கொள்வேன். அதனால்தான் எழுதுகிறேன். பிழைகளைப் பெரிதுபடுத்தாதே, எட்டாம் வகுப்போடு நின்றவன் நான்.

கறுப்பர் விழிப்புணர்வு நாளன்று நான் ஓட்டிவந்த பஸ் உங்கள் ஊர்வலத்தில் மாட்டிக்கொண்டது. சால்வடோர் நகரமே தெருவில் நின்றது. பயணிகள் எரிச்சல்படுவதற்கு முன்பே நான்தான் முணுமுணுத்தேன். கண்டக்டர் இவொனேச்சி சிரித்தாள்.

"யாரைத் திட்டுறீங்கண்ணே? லாரி மேல மைக்கோட நிக்கிறது உங்க பொண்ணு. அந்த வாயும் உங்க வாய்தான்!"

போலீஸ் சுட்டுக் கொன்ற பிள்ளைகளின் பெயர்களை நீ ஒவ்வொன்றாக அழைத்தாய். ஒவ்வொரு பெயருக்கும் தெரு மொத்தமும், "இங்க இருக்கான்!" என்றது. பிறகு, தெருவுக்கு இழுக்காதே என்று நான் உன்னிடம் சண்டை போட்ட அந்தப் பெயரை அழைத்தாய். உன் அண்ணன் பெயரை.

ஜுசேலியோ.

நம் வீட்டில் யாரும் உரக்கச் சொல்லாத பெயர் அது. கடலே எழுந்து நின்று பேசியதுபோல், "இங்க இருக்கான்!" என்றார்கள். பஸ் கண்ணாடி அதிர்ந்தது. யாரோ ஒரு கிழவர் என் பிள்ளைக்காகத் தொப்பியைக் கழற்றினார்.

நானும் வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது. ஹாரனை அழுத்தினேன்.

"அழுத்துங்கண்ணே," என்றாள் இவொனேச்சி. "நல்லா அழுத்துங்க."

அடுத்த வருஷம் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு லாரிக்குப் பக்கத்தில் நிற்பேன். அவன் பெயரைச் சொன்னதும் கூட்டத்தைக் கொஞ்சம் பொறுக்கச் சொல். முதலில் நான் பதில் சொல்லிவிடுகிறேன்.

அப்பா