வெள்ளை முகத்தோடு மூன்று கன்றுகள்

ஹெரிஃபோர்ட்ஷயர்
8 ஏப்ரல் 1975, செவ்வாய்

அன்புள்ள ரோலண்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனதைப் பற்றி மேலே படித்துக்கொள். கனடாவில் பனி விட்டதா, உன் இருமல் நின்றதா?

இன்று காலை எழுந்ததும் அடுப்பில் கெட்டில்கூட வைக்காமல் தொழுவத்துக்குத்தான் போனேன். மேபெல் செத்துக் கிடந்தாள். நீ கிளம்பும் முன் புட்டியில் பால் கொடுத்து வளர்த்தாயே, அந்தக் கிடாரிதான். நேற்றுப் பகல் முழுக்க டாக்டரும் அப்பாவும் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார்கள், கடைசியில் வயிற்றைக் கீறித்தான் கன்றை எடுத்தார்கள், அதற்கும் உயிர் இல்லை. வெள்ளைப் பிரெஞ்சுக் காளையின் கன்று, தோளே அத்தனை அகலம். தலையீற்றுக் கிடாரிகளில் இது இரண்டாவது சாவு. சாக்கு ஒன்றை எடுத்து அவள் முகத்தை மூடினேன். அப்பா வந்து பார்த்துவிட்டு, "எடை வேணும்னா ஒண்ணு ரெண்டு போகத்தான் செய்யும் ஹெஸ்டர்" என்றார். அது உன் வாக்கியம் ரோலண்ட். உன் கடிதத்தில் இருந்ததை மனப்பாடமாகச் சொன்னார்.

இந்த வெள்ளைக் காளையை வாங்க நம் ஹெரிஃபோர்ட் காளையை நீங்கள் இருவரும் விற்ற அன்று நான் சொன்னது நினைவிருக்கிறதா? அதன் கன்று சிறியதாக விழும், நாள் தள்ளாமல் விழும், விழுந்ததும் எழுந்து நிற்கும். வெறும் புல்லிலேயே கொழுக்கும், தீவனம் விற்கிற விலையில் அதைவிட என்ன வேண்டும்? தராசை மட்டும் பார்க்காதீர்கள், வருடக் கடைசியில் எத்தனை கன்று உயிரோடு நிற்கிறது என்று பாருங்கள் என்றேன். நீ சிரித்தாய். "அம்மா, நீங்க இன்னும் தாத்தா காலத்துலயே நிக்கிறீங்க" என்றாய். அப்பா, "நீ காலேஜ்ல படிச்சது பரீட்சைக்கும்மா, மாட்டுக்கு இல்ல" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். அது பொறுமை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், பயம்தான்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று. போன ஜூனில், அப்பா வெள்ளைக் காளையைக் கிடாரிகளோடு விடுவதற்கு ஒரு வாரம் முன்பு, பக்கத்துப் பண்ணை ப்ராபர்ட்டின் வயலுக்கும் கிடாரிகள் மேயும் நம் கீழ்ப் புல்வெளிக்கும் நடுவில் இருக்கும் கதவை நான்தான் திறந்துவிட்டேன். அவருடைய கிழட்டு ஹெரிஃபோர்ட் காளை மெதுவாக நடந்து வந்தது. இரண்டு நாள் கழித்து அதை ஓட்டிவிட்டுக் கதவைச் சாத்தினேன். மார்ச் நடுவில் மூன்று கிடாரிகள் புல்லிலேயே ஈன்றன, யாரும் கை வைக்கவில்லை. அப்பா பார்க்கப் போனபோது மூன்று கன்றுகளும் பால் குடித்துக்கொண்டிருந்தன, மூன்றுக்கும் ஹெரிஃபோர்ட்டின் அதே வெள்ளை முகம். அந்த முகத்தை எந்தத் தாயின் வயிற்றில் ஒளிப்பது?

அப்பா நேராக ப்ராபர்ட் வீட்டுக்குப் போய், "வேலிய ஒழுங்கா கட்டத் துப்பில்ல, உனக்கெல்லாம் எதுக்குய்யா காளை?" என்று அவர் மனைவி முன்னாலேயே கத்தியிருக்கிறார். மறுநாள் ப்ராபர்ட் நல்ல வேலியைப் பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார், நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் அவர் மனைவி என்னிடம், "சண்டை வேண்டாம்னு காளைய வியாழக்கிழமை கசாப்புக்கு அனுப்புறாரு, உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுங்க" என்றாள். நான் தலையாட்டினேன். அப்பாவிடம் சொல்லவும் இல்லை. மூன்று உயிர் பிழைத்ததற்கு அந்தக் காளை சாக வேண்டும், குற்றமில்லாத மனிதர் தலைகுனிய வேண்டும், நான் மட்டும் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருக்க வேண்டும்.

உன்னை வெறுக்கவில்லை மகனே, ஆனால் கோபம் இருக்கிறது, இல்லை என்று எழுதினால் பொய். கம்பளிச் சட்டையைக் கழற்றாதே, வேளைக்குச் சாப்பிடு. கடவுள் உன்னைக் காக்கட்டும். மேபெலுக்காக ஒரு வரி எழுது, எடையைப் பற்றி வேண்டாம்.

நாளைக் காலை ப்ராபர்ட் வீட்டுக்குப் போய், கதவைத் திறந்தது நான் என்று அவர் மனைவியின் முன்னால் சொல்லப் போகிறேன். பிறகு அந்தக் காளையை விலைக்கு வாங்கி ஒற்றைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடந்து வருவேன், அவ்வளவு சாது அது. கீழ்ப் புல்வெளி வழியாக அல்ல. ஊர்த் தெருவோடு வந்து, அப்பா முற்றத்தில் நிற்கும்போது, முன்வாசல் வழியாக.

உன் அம்மா,
ஹெஸ்டர்