உன்னையும் காப்பாற்றியிருக்கலாம், ஜெரோம்

என் செல்லத் தம்பி ஜெரோமுக்கு,

கல்லறைத் திருநாளன்று மாலையோடு வந்தபோது உன்னிடம் எதுவும் பேசவில்லை. பக்கத்தில் அம்மா அழுதுகொண்டு நின்றாள். அவள் முன்னால் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். ஊரும் படிக்கட்டும்.

நம் தெரு ரீனாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. ஏஞ்சல் என்று பெயர். உன்னைப் போலவே சாய்ந்த கண், உள்ளங்கையில் ஒற்றை ரேகை. டவுன் சிண்ட்ரோம். எல்லாருக்கும் இரண்டிரண்டாக இருக்கும் குரோமோசோமில் இருபத்தொன்றாவது மட்டும் உங்களுக்கு மூன்று. அவ்வளவுதான் விஷயம். ஆனால் ரீனாவின் மாமியார், "கிரகணத்தன்னைக்கி வெளிய போகாதளான்னு சொன்னேன், கேட்டாளா?" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நம் அம்மாவையும் இப்படித்தானே பேசினார்கள்? பெற்றவள்மீது பழிபோட மட்டும் எப்படி எல்லாருக்கும் நாக்கு நீளுகிறது?

அதையாவது விட்டுவிடலாம். பால் குடிக்கையில் ஏஞ்சல் வியர்த்து வழிந்து மூச்சிரைத்தாள். எக்கோ எடுத்துப் பார்த்தால் இதயத்தில் ஓட்டை. அதைப் பார்த்த டாக்டர், ரீனாவின் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னாராம்: "ஏற்கனவே இப்படிப் பொறந்த பிள்ளை. இதுக்குப் போயி ஆபரேஷன் எதுக்கும்மா? இருக்குற வரைக்கும் இருக்கட்டும்."

கைக்குழந்தையாக உன்னைத் தூக்கிக்கொண்டு போன அம்மாவிடம் வேறொரு டாக்டர் சொன்னதும் இதேதான், ஜெரோம். படித்தவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று அம்மா நம்பினாள். அதன் பலனை நீதான் அனுபவித்தாய்.

மீன் ஏலம் விடும் இடத்தில் அத்தனை பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வணக்கம் வைப்பாய். ஐஸ் பெட்டியைத் தள்ள ஓடுவாய். நாலடி போவதற்குள் உதடு நீலம் பாரிக்க மணலில் உட்கார்ந்துவிடுவாய். "நெஞ்சு படபடங்குக்கா" என்பாய். முப்பது வயதைக்கூடத் தொடவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள், "இந்த மாதிரிப் பிள்ளைங்க அவ்வளவுதான் இருக்கும்" என்று சமாதானம் சொன்னார்கள். பொய். உன்னைக் கொன்றது அந்தக் கூடுதல் குரோமோசோம் இல்லை, அடைக்காமல் விட்ட ஓட்டை.

ரீனாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குக் கிளம்பினேன். மாமியார் வாசலை மறித்தாள்.

"ஏளா மெட்டில்டா, அந்தச் சின்ன உசுர ஏன் கீறிப் பாக்கணுங்கிற? நிம்மதியா போகட்டும்ளா."

"நிம்மதியாவா? எந்தம்பி கடைசியில மூச்சுக்குத் தவிச்சத நீங்களும் நின்னு பாத்தியளே அத்த. அதுவா நிம்மதி?"

அவள் நகர்ந்து வழிவிட்டாள்.

மதுரை டாக்டரம்மா காகிதத்தில் இதயத்தை வரைந்து காட்டினார். "எல்லாப் பிள்ளைக்கும் பண்ணுற ஆபரேஷன்தான். தள்ளிப்போட்டா நுரையீரல் கெட்டுடும், அப்புறம் பண்ண முடியாது" என்றார். பண்ணினார்கள். ஏஞ்சல் இப்போது தெருவே கேட்க அழுகிறாள். மாமியார்தான் அவளைத் தோளைவிட்டு இறக்குவதில்லை!

ஒருநாள் நம் அம்மா அவளை மடியில் வாங்கி, நெஞ்சில் இருந்த தழும்பைத் தடவினாள். பிறகு என்னைப் பார்த்து, "நம்ம பயலுக்கும் இதைப் பண்ணியிருக்கலாமோளா?" என்று கேட்டாள். அடுப்பில் ஏதோ இருப்பதுபோல எழுந்து உள்ளே போய்விட்டேன். அவளிடம் சொல்லாத பதிலை யாரிடம் போய்ச் சொல்வது?

ரீனாவைத் திருப்பி அனுப்பினாரே, அந்த டாக்டரிடம். நாளைக் காலை அவருடைய கிளினிக்கில் ரீனாவும் நானும் டோக்கன் போட்டிருக்கிறோம். ஏஞ்சலை அவர் கையில் கொடுத்துவிட்டு, நீ எப்படி இருந்தாய், எப்படிப் போனாய் என்று ஒன்று விடாமல் சொல்லப்போகிறேன். நடுவில் எழுந்து போகச் சொன்னாலும் போக மாட்டேன். இனி இந்தக் கரையில் உன்னைப் போல ஒரு பிள்ளையைப் பெற்றவளிடம் யாராவது "எதுக்கு" என்று கேட்டால், அவள் பக்கத்தில் நான் நிற்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன்னோடு பிறந்த அக்கா,
மெட்டில்டா