நாலில் ஒரு சிவப்புக் கோடு

மார்ச் 4

கோதுமை விதைத்தாகிவிட்டது. டிராக்டர்காரர் கிளம்பும்போது, "இந்த வருசமும் வரிக்குதிரைதானா?" என்று கேட்டார். சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய?

போன வருடம் எங்கள் வயல் அப்படித்தான் வந்தது. ஒரு பட்டை கரும்பச்சை, பக்கத்துப் பட்டை மஞ்சள். என் வீட்டுக்காரர் மூன்று தூள் உரங்களை மண்வெட்டியால் கலந்து கையால் வீசினார். லேசான தூள் காற்றோடு போயிற்று. ஈரம் பட்டது கட்டி கட்டியாக ஒரே இடத்தில் விழுந்தது. அறுவடை அன்று ஆட்கள் முன்னாலேயே அவரிடம் சொன்னேன்: "நாலு ஏக்கருக்கு ஒழுங்கா உரம் போடத் தெரியல, உங்களை நம்பி ஒரு குடும்பம்!"

அவர் பத்தாம் நாள் துறைமுகக் கிடங்கு வேலைக்குப் போய்விட்டார். ஏழு மாதமாகிறது. அவருடைய ரப்பர் பூட்ஸ் பின்கதவோரம் நிற்கிறது. வாரம் ஒரு தடவை துடைத்து வைக்கிறேன். யார் போட? தெரியவில்லை.

மார்ச் 9

ஞாயிறு. போன் வந்தது. "வயல் எப்படி இருக்கு?" "இருக்கு." "மழை?" "இல்ல." அவ்வளவுதான். நீங்கள் எப்போது வருவீர்கள் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. என் வாய்க்கு அன்றைக்கு மட்டும் எப்படி அவ்வளவு வேகம்?

மார்ச் 18

உரக்கடைக்குப் போனேன். கடைக்காரர் குருணை உரத்தை அள்ளி என் உள்ளங்கையில் கொட்டினார். மிளகு அளவு. "ஒவ்வொரு குருணையிலயும் மூணு சத்தும் இருக்கும்மா. எல்லாம் ஒரே அளவு, ஒரே கனம். தூள் மாதிரி பறக்காது, ஒரே சீரா விழும். ஒரு செடிக்கு விருந்து, இன்னொண்ணுக்குப் பட்டினின்னு இருக்காது."

பிறகு சொன்னார்: "உங்க வீட்டுக்காரர் போறதுக்கு முன்னாடி தினம் வந்து இதைத்தான் விசாரிச்சார். தூவுற கருவியையும் வாங்கிட்டுப் போனாரே?"

வாங்கியது தெரியும். கொட்டகையில் தொங்குகிறது. தோளில் மாட்டி, கையால் சுற்றுவது. அடியில் உள்ள திறப்பைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு பிடி, அதன் பக்கத்தில் ஒன்று முதல் எட்டு வரை எண்கள். நாலில் சிவப்புப் பெயின்ட்டால் கோடு போட்டிருக்கிறார். முற்றத்தில் நடந்து நடந்து பார்த்தாரே, அந்தக் கடைசி வாரம்! நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தேன். பாவி நான்.

மார்ச் 26

முதல் மேலுரம், முளைத்த பயிருக்குப் போடுவது. பிடியை நாலில் வைத்தேன், அவர் வைத்த கோடாயிற்றே. கருவியின் தொட்டி நிறைய உரம் வரிசையின் கோடி வரை வர வேண்டும். பாதியிலேயே காலி!

கடைக்காரருக்குப் போன் செய்தால் சிரிக்கிறார். "நாலு அவர் நடைக்கும்மா. நீங்க மெதுவா நடந்தா அதே இடத்துல கூட விழத்தானே செய்யும்?"

அவர் ஓர் எட்டு வைத்தால் எனக்கு ஒன்றரை எட்டு. எங்கே சேர்ந்து போனாலும், "கொஞ்சம் மெதுவா போங்களேன்" என்று பின்னாலேயே ஓடியிருக்கிறேன். வரப்பில் உட்கார்ந்து அழுதேன். இப்போ யார் பின்னாடி ஓடுறது?

மார்ச் 28

வீட்டிலிருந்த பதினோரு சாப்பாட்டுத் தட்டுகளையும் முற்றத்தில் குறுக்கே வரிசையாக வைத்து, நடுவே தூவிக்கொண்டு நடந்தேன். நாத்தனார் எட்டிப் பார்த்து, "யாருக்கும்மா பந்தி?" என்றார்.

நடுத்தட்டில் நாற்பது குருணை, ஓரத்தில் ஒன்பது. அப்படியானால் அடுத்த நடையை நெருக்க வேண்டும், ஓரமும் ஓரமும் சேர்ந்து நிறையும். திறப்பு? என் நடைக்கு ரெண்டரை. ஏழு தடவை நடந்து பார்த்தேன். ரெண்டரையேதான்.

கோடு போடவில்லை. அவருடைய கோடு ஒன்று போதும்.

ஏப்ரல் 20

ரெண்டரையில் போட்ட இடமெல்லாம் ஒரே பச்சை! இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே உயரம். ஓரத்தில் அரைப் பட்டை மட்டும் கறுத்து நிற்கிறது, அன்று நாலில் போட்டது. படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன்.

நாத்தனார் சொல்கிறார்: "தப்புப் பண்ணிட்டம்மா. நடுவுல ரெண்டு பட்டையை விட்டிருக்கணும். அதைப் பார்த்துத் திட்டவாவது என் தம்பி ஓடி வந்திருப்பான்." சிரித்தேன். படுத்த பிறகு அது சிரிப்பாக இல்லை.

ஏப்ரல் 27

போன். "ஓரத்துல தெரியுறது நாலுல போட்டதா?" என்று கேட்டார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்! பிறகு, "மத்ததெல்லாம் நல்லா வந்திருக்கு. நீயே பாத்துக்கிறியே, இனி நான் எதுக்கு?"

கோபமில்லாமல்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. "உரம் போட ஆள் வேணும்னா கூலிக்குக் கூப்பிட்டிருப்பேன். எனக்கு நீங்க வேணுங்க. அன்னிக்கு ஆளுங்க முன்னாடி சொன்னது தப்பு. ரொம்பத் தப்பு."

கிரேன் சத்தத்துக்கு நடுவே, "சரி, வைக்கிறேன்" என்றார். வைத்துவிட்டார்.

ஏப்ரல் 30

ஒன்றுமில்லை.

மே 4

ஞாயிறு. போன் வரவில்லை. சார்ஜ் இருக்கிறது, சிக்னல் இருக்கிறது. பூட்ஸைத் துடைக்கவில்லை.

மே 7

இரண்டாம் மேலுரம். நேற்று சாயங்காலமே கருவியில் பிடியை ரெண்டரையில் வைத்துவிட்டு வந்திருந்தேன். விடிந்ததும் கொட்டகைக்குப் போனால் ஆணியில் கருவி இல்லை. ஓர் உர மூட்டை பிரிந்து கிடந்தது. யாரோ தூக்கிக்கொண்டு போயிட்டானேன்னு பதறிப்போய் வீட்டுக்கு ஓடி வந்தேன். பின்கதவோரம் பூட்ஸும் இல்லை.

அங்கிருந்தே பார்த்தால், வயலின் பாதி தூரத்தில் அவர், கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு, நீள நீளமாக எட்டு வைத்துப் போய்க்கொண்டிருந்தார். பஸ்ஸில் வந்த சட்டையைக்கூட மாற்றவில்லை.

"கொஞ்சம் மெதுவா போங்களேன்" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன்.