அப்பாவின் பாட்டு

ஞாயிறு, இரவு.

எங்கள் ட்ரீம் பாப் இசைக்குழு இன்றோடு கலைந்தது. கடைசி நிகழ்ச்சிக்கு அம்மா வெம்பிளியிலிருந்து முதல் தடவையாக வந்தார். குளிர்க்கோட்டைக் கழற்றாமல் முன்னுக்கே நின்றார். எங்கள் குழுவின் வான் வண்டியை ஓட்டித் திரிந்த அப்பா இறந்தபின் நான் எழுதிய ஒரே தமிழ்ப் பாட்டைக் கேட்கத்தான் வந்தார்.

எங்கள் பாட்டுகளில் குரல் கிற்றார் எதிரொலிக்குள் அமிழ்ந்துதான் கிடக்கும்; சொற்கள் பிடிபடாது. ஒலியமைப்பாளரிடம் இன்றும் அப்படியே வைக்கச் சொன்னேன். அந்தத் தமிழ்ப் பாட்டைக் கடைசியாகப் பாடிவிட்டு இறங்கினேன்.

அம்மா என் கையைப் பிடித்தார். “அப்பான்ரை பாட்டு எப்ப பிள்ளை வரும்?”

மேடையில் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

“இனித்தானம்மா,” என்றேன்.

அம்மா தலையாட்டிவிட்டு மறுபடியும் மேடையைப் பார்த்து நின்றார்.