மீன்களும் விரதம் பிடித்த மாதம்

என் அருமை அத்தானுக்கு,

உங்கள் தொட்டியில் மண்ணிறப் பாசி பிடித்துவிட்டது. வேறு எதையாவது சொல்லித் தொடங்கலாம் என்றுதான் பார்த்தேன், முடியவில்லை. மல்வேர்ன் வீட்டின் கீழே, பேஸ்மென்றில் நீங்கள் பார்த்துப் பார்த்து வளர்த்த அந்தக் கடல்நீர்த் தொட்டி, நீங்கள் போன பிறகு என் அக்காவின் பொறுப்பாகிவிட்டது. அக்காவுக்கு அதைப் பற்றி என்ன தெரியும்? "உந்த மனிசன் என்னைவிட உதுகளோடைதான் கூடக் கதைக்குது" என்று என்னிடம் முறைப்பாடு சொன்னவர்தானே.

பாசி என்றால் பச்சைப் பாசி இல்லை அத்தான். சளி போல இழுபடுகிற சாமான். காலையில் மணல் வெள்ளையாக இருக்கும். தொட்டி விளக்கு எரிந்து மத்தியானம் ஆவதற்குள் மணல், கல், பவளம் எல்லாவற்றையும் மூடிவிடும். நத்தைகள் செத்துப்போயின. அக்கா லேசில் விடுகிற ஆளா? குழாயைப் போட்டு உறிஞ்சி எடுப்பார், பழைய தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டுப் புது உப்புத்தண்ணீர் கலந்து விடுவார். அடுத்த நாள் இன்னும் தடிப்பாக வந்து நிற்கும். தொலைபேசியில் அழுதார். "நான் ஒழுங்காத் துடைக்கேல்லையோ தம்பி?"

சனிக்கிழமைகளில் ஒஷாவாவில் இருந்து போய் நானும் வாளி தூக்கினேன். சரிவரவில்லை. கடைசியில் ஒரு போத்தலில் தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டு, நீங்கள் வழக்கமாகப் போகும் வெக்ஸ்போர்ட் மீன்தொட்டிக் கடைக்குப் போனேன். அங்கே நிற்கிற தமிழ்ப் பிள்ளை சோதித்துப் பார்த்துவிட்டு, "தண்ணி ரூ க்ளீன் அங்கிள், அதிலை ஒரு சத்தும் இல்லை. அந்தப் பாசிக்கு அதுதான் விருப்பம். தண்ணி மாத்திறதை நிப்பாட்டிப்போட்டு, மீனுக்கு நல்லாச் சாப்பாடு போடுங்கோ" என்றாள். பிறகு, "இவ்வளவு நாளும் என்ன ஃபீட் பண்ணினீங்கள்?" என்று கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. உங்கள் செத்தவீடு முடிந்த கையோடு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியுமட்டும் வீட்டில் மச்சம் புழங்கக் கூடாதென்று அக்கா பிரீசரைத் துப்புரவாக்கினார். மீன், இறைச்சியோடு உங்கள் தொட்டிக்கான இறால் கட்டிகளும் குப்பைக்குப் போயின. உருண்டைத் தீனிப் பெட்டியைத் திருப்பி வாசித்து, மீன்மா சேர்ந்திருக்கிறதென்று அதையும் கட்டி வைத்துவிட்டார். பாவம், அந்த மீன்களுக்கு ஒரு மாதமாகக் காய்ந்த கடற்பாசித் துண்டு மட்டும்தான். பிறகும், தண்ணீர் அழுக்காகிவிடும் என்ற பயத்தில் தீனியைக் கிள்ளித்தான் போட்டார். நீங்கள் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சொல்வதா விடுவதா என்று வழிநெடுக யோசித்தேன். தண்ணீர் அளவுக்கு மீறிச் சுத்தமாகிவிட்டது என்று அரைவாசி உண்மையைச் சொல்லி வாளியை வாங்கி வைத்தேன். அக்கா விடவில்லை. ஏன், ஏன் என்று குடைந்தார். சொல்லிவிட்டேன்.

அக்கா அப்படியே படியில் இருந்துவிட்டார்.

"அப்ப நான்தான் பட்டினி போட்டுச் சாகடிச்சனான்" என்றார். "அவரின்ரை ஆத்துமாவுக்கெண்டுதானே தம்பி விரதம் பிடிச்சனான். அந்த மனிசன் ஒரு வெள்ளிக்கிழமைகூட மச்சம் விடேல்லை."

அதன் பிறகு அவர் பேஸ்மென்றுக்கு இறங்கவேயில்லை. தொட்டியை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார். நான் கேட்காதது போல இருந்துவிட்டு, வந்து வந்து இறால் போட்டேன். மீன்கள் தேறுகின்றன. பாசிதான் குறைவது போலக் காட்டிவிட்டு மறுபடியும் வருகிறது. விரல் விரலாக ஆடும் உங்கள் பவளத்தில் ஒரு கொத்துத்தான் மிச்சம். அதுவாவது பிழைக்குமா? நான் அக்காவிடம் சொல்லாமல் விட்டிருக்க வேண்டுமோ அத்தான்? நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீர்கள்?

போன வெள்ளிக்கிழமை வேலைக்கு முதல் போனேன். அக்கா குளித்து, திருநீறு பூசி, விளக்கேற்ற ஆயத்தமாக நின்றார். நான் இறால் கட்டியோடு படியில் கால் வைக்க, கையை நீட்டினார்.

"கொண்டா இஞ்சை."

"இண்டைக்கு வெள்ளி அக்கா."

"தெரியும். கொண்டா."

கீழே இறங்கி, கட்டியை உள்ளங்கையில் வைத்து உருகவிட்டுத் தண்ணீருக்குள் விட்டார். கடைசித் துண்டை மீன்கள் தின்னுமட்டும் நின்று பார்த்தார். மேலே போய், திரும்பவும் குளித்துவிட்டு வந்து விளக்கேற்றினார்.

உங்கள் ஆண்டுத் திவசம் வருகிறது. அன்றைக்கு அக்கா வீட்டுப் பிரீசரில் மச்சம் இராது. இறாலை என் வீட்டில் வைத்திருந்து நான் கொண்டுவருவேன். நானே போட்டுவிடுகிறேன் என்று கேட்கமாட்டேன். அக்காவின் கையில் கொடுத்துவிட்டு, அவர் இரண்டாம் முறை குளித்து வருமட்டும் ஐயரைக் கதைகொடுத்து இருத்தி வைப்பேன். இது சத்தியம் அத்தான்.

உங்களுக்குப் பெண் தந்த வீட்டின் கடைக்குட்டி,
உங்கள் மச்சான்